ஒழுங்கை நிறைய வைஃபை: எந்தச் சனலில் நிற்பது?

பாண்டிருப்பில் மாமி வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி முதலில் வரும், முறைப்பாடு பிறகுதான் வரும். போன மாதம் இரண்டும் ஒன்றாக வந்தன.

"மனே, இந்தப் பெட்டி பகலெல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஏழு மணியானா செத்துப் போகுது. இவன் ஒன்லைன் கிளாஸ்ல இருக்கக்குள்ள சேர்ர முகம் அப்படியே நிக்குது, குரல் மட்டும் எங்கயோ போகுது."

மச்சான் உயர்தரம் படிக்கிறான். பௌதிகவியல் வகுப்பு இரவு ஏழரைக்கு. ரவுட்டர் ஹோலில் ரீவி மேசைக்குப் பின்னால் கிடக்கிறது, அவன் படிப்பது இரண்டு சுவர் தாண்டி உள்ளறையில். செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். 2.4 கிகாஹேர்ட்ஸ் பேண்டில், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசைப் பட்டை ஒன்றில், சனல் 4. சனல் என்பது அந்தப் பட்டைக்குள் பெட்டி பேசும் இடத்தின் நம்பர். இணைப்புக் கொடுக்க வந்த பொடியன் வைத்துவிட்டுப் போனதாம். "ஆரும் இல்லாத சனலாப் பார்த்து வெச்சிருக்கன் அம்மா" என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஒழுங்கையில் சனல் 4இல் வேறு யாருமே இல்லை. கோளாறும் அதுதான்.

இந்த ஒரு விசயத்தை விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி பக்கம் மதிலோடு மதில் ஒட்டின வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இது உதவும். பட்டியலில் 13 சனல் இருக்கும், போதாததற்கு 5 கிகாஹேர்ட்ஸில் இன்னொரு நீளப் பட்டியல் இருக்கும். எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது?

அதற்கு முன் ஒரு சோதனை

சனலை மாற்றப்போகுமுன், பிழை வைஃபையில்தானா என்று பார்த்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் லைன் மாலையில் இறுகிப்போனால், எந்தச் சனலில் வைத்தாலும் வேகம் அதேதான். பார்க்கும் வழி சுகமானது. லாப்டொப்பை வயர் போட்டு நேரடியாக ரவுட்டரில் கொழுவி, அதே ஏழரை மணிக்கு அதே வகுப்பை ஓட விடுங்கள். வயரில் ஓடி வைஃபையில் நின்றால் குற்றவாளி காற்றில் இருக்கிறது. வயரிலும் நின்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது, கம்பனிக்கு அழைப்பு எடுங்கள்.

வயர் இல்லாவிட்டால் ரவுட்டருக்கே பிங் அடித்துப் பார்க்கலாம், அதாவது ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. அநேக வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1 அல்லது 192.168.8.1. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டி சில மில்லி செக்கனில் பதில் தர வேண்டும். மாமி வீட்டில் உள்ளறையிலிருந்து நூறு தரம் அடித்தேன். ஏழு தரம் பதிலே இல்லை, வந்ததில் சிலது 400 மில்லி செக்கனைத் தாண்டியது. பதினைந்து அடி தூரத்துக்கு இது! லைன் மேல் பழி போட வேண்டாம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

4ஜி பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். டவர் பிடிக்கும் என்று அதை முன்பக்க யன்னலில் வைத்திருப்பீர்கள். டவருக்கு அது நல்ல இடம், குசினிக்கும் பின்னறைக்கும் அது கெட்ட இடம். இந்த இழுபறியைச் சனல் மாற்றித் தீர்க்க முடியாது. அப்படியான வீட்டில் பெட்டியை நாலடி உள்ளே நகர்த்திப் பார்ப்பதில்தான் நான் தொடங்குவேன்.

ஆளில்லாத சனலா, ஆள் நிறைந்த சனலா?

2.4 கிகாஹேர்ட்ஸில் சனல்களுக்கு இடையே இருப்பது 5 மெகாஹேர்ட்ஸ்தான். ஆனால் ஒரு வைஃபை சிக்னலுக்குக் குறைந்தது 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். ஒரு அடிக்கு ஒரு கோடு கீறி நம்பர் போட்ட வாங்கில், நாலடி அகலமான ஆட்களை இருத்துவது மாதிரி. நம்பர் 13 இருக்கிறது என்பதற்காக 13 பேர் இருக்க முடியாது. ஒருவரை ஒருவர் இடிக்காமல், நடுவில் கொஞ்சம் இடமும் விட்டு இருக்கக்கூடியது மூன்று பேர். அவர்கள்தான் 1, 6, 11.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சனல் 1 பிடிப்பது 2402இலிருந்து 2422 மெகாஹேர்ட்ஸ் வரை. சனல் 6, 2427இலிருந்து 2447 வரை. சனல் 11, 2452இலிருந்து 2472 வரை. நடுவில் ஐந்து ஐந்தாக ஒரு சின்ன இடைவெளி. இப்போது மாமி வீட்டுச் சனல் 4ஐ வையுங்கள்: 2417இலிருந்து 2437 வரை. கால்வாசி சனல் 1இன் மடியில், அரைவாசி சனல் 6இன் மடியில். ஆளில்லாத கதிரை என்று நினைத்தது இரண்டு பேரின் நடுத்தொடை.

இனி யாரும் கேட்கிற கேள்வி: சனல் 6இல் போய்ப் பல பேரோடு சேர்ந்து நெரிபடுவதைவிட இது பரவாயில்லைத்தானே? மாமியும் கேட்டா. "ஏன் மனே, சனம் கூடின இடத்துல போய் நிண்டா இன்னும் கஷ்டம்தானே?"

மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தை வைத்து அவவுக்குச் சொன்னேன். 1924இல் கட்டிய லேடி மெனிங் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறக்கும் வரைக்கும் கரையோரத்தால் டவுனுக்குப் போகிற பஸ்ஸும் லொறியும் அந்த ஒடுங்கல் பாலத்தால்தான் போயின. அங்கால் ஒரு பஸ் ஏறினால் இங்கால் உள்ளவர்கள் நிற்க வேண்டும். எரிச்சல்தான், ஆனாலும் நின்றவன் எப்படியோ போய்ச் சேர்ந்தான். ஏனென்றால் ஒருவரை ஒருவர் கண்டார்கள், முறை இருந்தது.

ஒரே சனலில் இருக்கும் ரவுட்டர்கள் செய்வது இதைத்தான். வைஃபையின் முதல் விதி, பேசுமுன் கேள் என்பது. அடுத்த வீட்டு ரவுட்டர் அதே சனலில் பேசத் தொடங்கினால் நம்முடையதற்கு அந்தப் பேச்சின் முதல் எழுத்துகள் விளங்கும். அது எவ்வளவு நேரம் பேசப்போகிறது என்பதும் அதிலேயே இருக்கும். அவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டு நின்று, முடிந்ததும் தன் முறையை எடுக்கும். இதற்கு அந்தச் சிக்னல் மிகவும் மெலிந்து, மைனஸ் 82 டிபிஎம் அளவில் வந்தாலும் போதும் (டிபிஎம் என்பது சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு, மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் கூடக் கூட சிக்னல் மெலிவு).

பக்கத்துச் சனலில் பாதி மேலேறி நிற்பவனின் பேச்சு அப்படி விளங்காது. வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். இரைச்சலுக்கு நம் ரவுட்டர் நிற்பதென்றால் அது மைனஸ் 62 அளவுக்கு உரத்து இருக்க வேண்டும். 82க்கும் 62க்கும் இருபதுதான் வித்தியாசம் என்று பார்க்காதீர்கள். டிபிஎம் கணக்கில் பத்துக்குப் பத்து மடங்கு, இருபதுக்கு நூறு மடங்கு. ஆக, நடுத்தரமான சத்தத்தோடு அயலில் ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போது, யாருமே இல்லை என்று நினைத்து நம்மவர் தொடங்குவார். அவரும் பேச, இவரும் பேச, உள்ளறையில் இருக்கும் லாப்டொப்புக்கு ஒன்றும் விளங்காது. திருப்பி அனுப்பும். மறுகா திருப்பி அனுப்பும். அப்படியும் சரிவராவிட்டால் வேகத்தைக் குறைத்து ஆறுதலாகச் சொல்லிப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு பேச்சும் இன்னும் நீளும், இடிபடும் வாய்ப்பும் கூடும். பகலில் அயல் வீடுகளில் ஆட்கள் இல்லாதபோது இதொன்றும் தெரியாது. ஏழு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்து ரீவியையும் போனையும் திறந்ததும் சேரின் முகம் உறைகிறது.

ஆகவே முதல் தீர்ப்பில் எனக்கு மறுபேச்சு இல்லை: நெருக்கமான ஒழுங்கையில் 2, 3, 4, 5, 7, 8, 9, 10 எதுவும் வேண்டாம். முறை வைத்து நிற்கும் நெரிசல், முறையே இல்லாத தனிமையை விட நல்லது. இடைச் சனலில் நிற்பவன் தனக்கு மட்டும் கெடுதி செய்வதில்லை, இரண்டு பக்கத்து வரிசையையும் குழப்புகிறான்.

மூன்றில் ஒன்று

1, 6, 11 என்று சுருங்கினபின் எதை எடுப்பது? இங்கேதான் அநேகர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

அன்ரோயிட் போன் என்றால் வைஃபை அனலைசர் மாதிரி இலவச செயலி ஒன்று போதும். (அன்ரோயிட் 9இலிருந்து ஒரு செயலி இரண்டு நிமிடத்துக்கு நாலு தரம்தான் புதிதாகத் தேடலாம். அதனால் படம் உடனுக்குடன் மாறாவிட்டால் பழுது என்று நினைக்க வேண்டாம்.) ஐபோனில் அப்பிளின் எயார்போர்ட் யூட்டிலிட்டி செயலியைப் போட்டு, போன் செட்டிங்கில் அதன் ஸ்கேனரைத் திறந்துவிட வேண்டும். எதில் பார்த்தாலும் இரண்டு விசயம் முக்கியம். கரைச்சல் வரும் நேரத்தில் பாருங்கள், காலை பத்து மணிக்கு அல்ல. கரைச்சல் வரும் இடத்தில் நின்று பாருங்கள், ரவுட்டருக்குப் பக்கத்தில் அல்ல.

இரவு ஏழே முக்காலுக்கு மச்சானின் கதிரையில் இருந்து பார்த்தேன். நம்முடையதோடு 19 வலையமைப்பு. சனல் 1இல் இரண்டே இரண்டு. சனல் 3இல் ஒன்று, மைனஸ் 77. சனல் 6இல் எட்டு. சனல் 9இல் ஒன்று. சனல் 11இல் ஆறு.

எண்ணினால் சனல் 1 அள்ளுகொள்ளை. அந்த இரண்டையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒன்று மைனஸ் 48. நம்முடைய ரவுட்டரே அந்த இடத்தில் மைனஸ் 52தான்! வலப்பக்க வீட்டுக்காரர் அந்த அறைச் சுவருக்கு அங்கால்தான் பெட்டியை வைத்திருக்கிறார். அதோடு அவர் வீட்டு மதிலில் வயரில்லாத கமரா மூன்று. கமரா போனைப் போல அல்ல, ஓய்வதே இல்லை. இரவு பகலாக வீடியோவை அனுப்பிக்கொண்டே இருக்கும். பாலத்தில் முடிவில்லாமல் லொறி ஏறிக்கொண்டிருந்தால் முறை எப்போது வரும்?

சனல் 6இன் எட்டுப் பேரில் உரத்தவன் மைனஸ் 79. மற்றவர்கள் எல்லாம் 83, 86, 90 என்று எங்கோ நாலு ஒழுங்கை தாண்டி முணுமுணுக்கிறார்கள். நம் சிக்னலுக்கும் அந்த உரத்தவனுக்கும் இடையிலேயே இருபத்தேழு டிபி வித்தியாசம், அதாவது ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு. அவர்கள் பேசுவது நமக்குப் பெரிதாகக் கேட்கவும் இல்லை, நாம் அவர்களுக்காக அதிகம் நிற்கவும் தேவையில்லை.

சனல் 11இன் ஆறு பேரில் இருவர் மைனஸ் 63, மைனஸ் 66. மீதி பரவாயில்லை. இங்கே வில்லன் 11இல் இல்லை, 9இல் இருக்கிறார். இடப்பக்க வீடு, மைனஸ் 57. சனல் 9 பிடிப்பது 2442இலிருந்து 2462 வரை. சனல் 11இன் அரைவாசியை மூடுகிறது. சனல் 6இன் ஓரத்தில் கால்வாசியையும் தொடுகிறது.

கணக்கு 6 என்கிறது, கண் 1 என்கிறது. கணக்கை நான் நம்பினாலும் காற்றை நம்புவதில்லை, ஆகையால் மூன்றிலும் மாறி மாறி வைத்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் வகுப்பை ஓடவிட்டு, ரவுட்டருக்கு நூறு பிங் அடித்தேன். சனல் 1இல் ஒன்றும் தொலையவில்லை, ஆனால் பதில் எல்லாமே சுணங்கி வந்தது, நாற்பது மில்லி செக்கன் அளவில். முறை கிடைக்கிறது, காத்திருக்க வேண்டியிருக்கிறது. சனல் 11இல் இரண்டு தொலைந்தது. சனல் 6இல் ஒன்றும் தொலையவில்லை, பெரும்பாலும் ஐந்துக்குள், இடைக்கிடை அறுபதுக்கு ஒரு துள்ளல். அந்தத் துள்ளல் இடப்பக்கத்து 9ஆக இருக்கலாம்.

எட்டுப் பேர் உள்ள சனலே வென்றது. மாமிக்கு இது பிடிபடவில்லை. "இருவது பேர் தூரத்துல நிண்டு கதைக்கிறதும், ஒருத்தன் காதுக்குள்ள நிண்டு கத்துறதும் ஒண்டா மாமி?" என்றதும் வலப்பக்க மதிலைப் பார்த்துச் சிரித்தா.

மைக்ரோவேவ் அவன் உள்ள வீடென்றால் ஒரு திருத்தம். அது 2450 மெகாஹேர்ட்ஸைச் சுற்றித்தான் கசியும். சனல் 6இன் மேற்பகுதியும் 11உம் அதன் பாதையில் கிடக்கின்றன, சனல் 1 ஒதுங்கி நிற்கிறது. குசினியும் படிப்பறையும் ஒட்டியிருந்தால் 1க்கு ஒரு புள்ளி கூட்டிப் போடலாம். மாமி வீட்டில் அது இல்லை. அவ சோற்றைச் சூடாக்குவதே ஒரு குற்றம் என்று நினைக்கிற பரம்பரை.

13, 40, ஓட்டோ

இங்கே விற்கும் பல ரவுட்டர்களில் 13 வரை இருக்கும். பட்டியலின் கடைசி என்பதால் அநேகமாக வெறுமையாகவும் இருக்கும். ஆசை வரும். ஆனால் 13 பிடிப்பது 2462இலிருந்து 2482, 11இன் அரைவாசி அதற்குள் வந்துவிடுகிறது. 4க்கு நடந்த கதைதான். 11இல் உரத்த ஆள் யாரும் இல்லாத ஒழுங்கையில் மட்டும் 13 ஒரு நல்ல மூலை. அப்போதும் ஒரு சிக்கல்: அமெரிக்காவிலும் கனடாவிலும் வைஃபை வழக்கமாக 11ஓடு நின்றுவிடும். அங்கிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த பழைய லாப்டொப் ஒன்றுக்கு 13 கண்ணுக்கே தெரியாமல் போகலாம். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள், "உங்கட வைஃபையைக் காணல்ல" என்று நிற்பதற்கு இது ஒரு காரணம்.

1, 5, 9, 13 என்று நான்காகப் பிரித்தால் இடிபடாது என்று ஒரு யோசனையும் உண்டு. கணக்கில் சரி. ஒழுங்கை முழுக்க ஒரே நாளில் கூடிப் பேசி மாற்றினால் நடக்கும். கோயில் திருவிழாவுக்கு நேரம் குறிக்கவே மூன்று கூட்டம் போடுகிற இடத்தில் அது நடவாது.

அகலத்துக்கு வருவோம். ரவுட்டரில் 20, 40, அல்லது 20/40 என்று ஒரு தெரிவு இருக்கும். பெட்டியில் 300 (செக்கனுக்கு 300 மெகாபிட் வேகம்) என்று அடித்த ரவுட்டர்களின் அந்த 300 வருவது 40இல்தான். 20இல் வைத்தால் அதுவே 144. குறைந்துவிட்டதே என்று மனம் அடிக்கும். ஆனால் 2.4இல் சனல் 1இன் அடியிலிருந்து 13இன் முடிவு வரை அளந்தாலே 80 மெகாஹேர்ட்ஸ்தான். அதில் 40 எடுப்பதென்றால் பாதி ஒழுங்கையைத் தன் வளவாக்கி வேலி போடுவது. எந்த நம்பரில் வைத்தாலும் இரண்டு பேரின் வரிசையில் ஏறி நிற்பீர்கள். 2.4இல் 20ஐத் தவிர எதற்கும் நான் கை வைப்பதில்லை, ஒரு வயல் நடுவில் தனி வீடாக இருந்தாலொழிய.

சனலை ரவுட்டரே தெரிந்தெடுக்கும் ஓட்டோ என்ற தெரிவைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விலை கூடிய ரவுட்டர்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலிவான பல பெட்டிகளில் அது எழும்பும்போது ஒருதரம் காதுகொடுத்துக் கேட்டுத் தெரிந்தெடுக்கும், பிறகு நிறுத்திய இடத்திலேயே நிற்கும் (நமது ஓட்டோக்காரர்களைப் போலத்தான்). இங்கே கரண்ட் போவதையும் சேர்த்து யோசியுங்கள். கரண்ட் வந்ததும் ஒழுங்கை முழுக்க உள்ள பெட்டிகள் ஒரே நிமிடத்தில் எழும்புகின்றன. ஒவ்வொன்றும் காது கொடுக்கும் நேரத்தில் மற்றவர்கள் இன்னும் பேசத் தொடங்கவில்லை. எல்லாருக்கும் எல்லாச் சனலும் வெறுமை. பிறகென்ன, எல்லாரும் போய் ஒரே இடத்தில் குந்துவார்கள். கரண்ட் போய் வந்த பிறகு நெட் இழுபடுது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். லைனைத் திட்டுமுன் சனலையும் ஒருதரம் பாருங்கள். இந்தக் காரணத்துக்காகவே நான் கையால் வைத்த சனலை விரும்புகிறேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் திரும்பப் பார்த்தால் போதும், கிழமைக்கு ஒருதரம் மாற்றி விளையாட வேண்டாம்.

ரிப்பீட்டர் வைத்திருந்தால் தெரிந்திருக்க வேண்டியது: ஒரே பேண்டில் ஓடும் மலிவு ரிப்பீட்டர் மூல ரவுட்டரின் சனலில்தான் நிற்கும், கேட்டதைத் திருப்பி ஒருதரம் அதே காற்றில் சொல்லும். ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் பேசப்படுவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சனல் நெரிசலுக்கு ரிப்பீட்டரை மருந்தாக வாங்குபவர்கள் நெரிசலையே கூட்டிக்கொள்கிறார்கள்.

5 கிகாஹேர்ட்ஸ்: சுவர் எத்தனை?

மாமி வீட்டுப் பெட்டி இரண்டு பேண்டும் உள்ளது. ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தது. மச்சானின் லாப்டொப் எது உரத்துக் கேட்கிறதோ அதில், அதாவது 2.4இல், ஒட்டிக்கொண்டே இருந்தது.

5 கிகாஹேர்ட்ஸில் இடைச் சனல் என்ற தொல்லையே இல்லை. 36, 40, 44, 48 என்று நம்பர்களே 20 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. மைக்ரோவேவ் இல்லை, புளூடூத் இல்லை. அன்று இரவு 2.4இல் 19 கண்ட அதே கதிரையில் 5இல் நம்முடையதோடு சேர்த்து நான்கைத்தான் கண்டேன். அயலார் 5ஐப் பாவிக்காமல் இல்லை, அவர்கள் மதிலையும் சுவரையும் தாண்டி அது இங்கே வரவில்லை. அதுதான் அதன் பலவீனம், நெருக்கமான ஊரில் அதுவே பலம்.

வெட்டவெளியிலேயே 5, 2.4ஐ விட ஆறு ஏழு டிபி மெலிந்து சேரும். சீமெந்துச் சுவர் இன்னும் உறிஞ்சும். மாமி வீட்டில் அளந்தது இது: உள்ளறையில் 2.4 மைனஸ் 52, 5 மைனஸ் 66. குசினியில் 5 மைனஸ் 83, பெயர் தெரியும், ஒன்றும் ஓடாது. முன் வளவில் மாமரத்தடியில் 5 அறவே இல்லை. வீடியோ வகுப்புக்கு மைனஸ் 67 அளவு இருந்தால் நம்பலாம் என்பது இந்த வேலை செய்பவர்களின் வழக்கமான கணக்கு. உள்ளறை மயிரிழையில் தப்பியது. ரவுட்டரை ரீவிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்ததும் மைனஸ் 61க்கு வந்தது. சனலை எவ்வளவு மாற்றினாலும் கிடைக்காத ஐந்து டிபி, ஒரு கதிரையில் ஏறி இறங்கியதில் கிடைத்தது. தகரமும் இரும்பும் சுமந்த ரீவியின் முதுகுக்குப் பின்னால் அன்ரனாவை ஒளித்து வைப்பதை இனியாவது விடுங்கள்.

5க்குள் எந்தச் சனல்? கீழே 36இலிருந்து 48 வரை ஒரு கூட்டம், மேலே 149இலிருந்து 165 வரை ஒரு கூட்டம், நடுவில் 52இலிருந்து 144 வரை. நடுவில் உள்ளது ரேடாரோடு பங்குபோடும் இடம். அங்கே இருக்க விரும்பும் ரவுட்டர் எழும்பியதும் குறைந்தது 60 செக்கன் பேசாமல் கேட்க வேண்டும். ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் 10 செக்கனுக்குள் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும், 30 நிமிடத்துக்குத் திரும்பி வரவும் கூடாது. சில ரவுட்டர்கள் ரேடார் இல்லாததையும் ரேடார் என்று மருண்டு ஓடும். வகுப்பு நடுவில் அப்படி ஓடினால் மச்சான் என்னைத்தான் தேடுவான். வெறுமையான இடம் என்றாலும் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று விட்டேன்.

36 கூட்டமா 149 கூட்டமா என்பது பெரிய விசயமில்லை. அயலார் எதில் குறைவோ அதை எடுங்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த சில ரவுட்டர்களில் 149 பட்டியலிலேயே இருக்காது. மூன்று அயலாரும் 36 பக்கம் நின்றதால் மாமி வீட்டை 149இல் வைத்தேன். அகலம் 80 எடுக்கலாம், எடுத்துப் பார்த்தேன். ஓரச் சிக்னலில் இருக்கும் உள்ளறைக்கு 40 நிதானமாக இருந்தது. அகலம் இரட்டித்தால் அதே பலத்தை இரண்டு மடங்கு இடத்தில் பரப்ப வேண்டும், தூரத்தில் இருப்பவனுக்கு அது மெலிகிறது. ரவுட்டருக்கு முன்னாலேயே இருந்து பெரிய பைல் இறக்குபவருக்கு 80 சரி.

பிறகு இரண்டு பேண்டுக்கும் இரண்டு பெயர் வைத்தேன். லாப்டொப்பில் 5இன் பெயரை மட்டும் விட்டு, மற்றதை மறக்கச் செய்தேன். மாமியின் போனும் ரீவியும் 2.4இல், சனல் 6இல். மாமி மாமரத்தடியில் இருந்துதான் கட்டாரில் இருக்கும் மூத்தவனோடு கதைப்பா. அங்கே வரை போகிறது 2.4 ஒன்றுதான்.

6 கிகாஹேர்ட்ஸை இந்த ஒப்பீட்டில் எடுக்கவில்லை. அதற்கு ரவுட்டரும் புதிது வேண்டும், போனும் புதிது வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் கதை வேறு. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு நண்பரின் வீட்டில் இதே செயலியைத் திறந்தால் திரை வெறுமை, நம்முடையதோடு இரண்டு. அங்கே 1ஓ 6ஓ 9ஓ எதுவும் ஒன்றுதான், ஓட்டோவும் போதும். அங்கே கேள்வி வளவின் அந்தத் தொங்கலில் உள்ள மாட்டுக்கொட்டில் வரை சிக்னல் போகுமா என்பதுதான். அதற்கு 2.4ஐயும் உயரமான இடத்தையும் விட வேறு வழி இல்லை.

மதிலுக்கு மேலால்

பாண்டிருப்பில் மீதமிருந்தது இடப்பக்கத்துச் சனல் 9. ஒழுங்காகப் பார்த்தால் எல்லா அளவையும் விட மலிவான வழி மதிலுக்கு மேலால் எட்டிக் கதைப்பதுதான். போய்க் கதைத்தேன். அவருக்கும் அதே ஏழு மணிக் கரைச்சல் இருந்திருக்கிறது. தேத்தண்ணி வந்தது. "11க்கு மாத்துவம் தம்பி, உங்களுக்கும் நல்லம், எங்களுக்கும் நல்லம்" என்று பெட்டியை எடுத்துத் திருப்பினார். அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்ட் ஸ்டிக்கரை அவருடைய பேரன் உரித்து வைத்திருந்தான். வழக்கமான பாஸ்வேர்ட் எதுவும் எடுபடவில்லை. ரீசெட் பண்ணினால் கம்பனிக்காரர் போட்ட செட்டிங்கும் போய்விடும் என்று அவருக்குப் பயம். எனக்கும்தான்.

அடுத்த கிழமை கல்முனைப் பக்கம் கரண்ட் போய் வந்த இரவு மாமி அழைப்பு எடுத்தா. செயலியைத் திறந்து பார்க்க மச்சான் பழக்கிவிட்டிருக்கிறான்.

"மனே, நம்மட பெட்டி ஆறுலதான் நிக்குது. இவன்ட கிளாஸும் ஓடுது. இந்தப் பக்கத்து வீட்டாக்கள்தான் இன்னும் ஒம்பதுல நிக்காங்க. நீ எப்ப வாறாய்?"